பேச்சுக் கட்டம்

ஜூன் 12, திங்கள்

மைக்கை அணைக்காமல், பெற்ற பிள்ளையிடம் லஞ்சம் பேசிவிட்டேன். மேட்டுத் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

மிட்டுவை இன்று அங்கன்வாடியில் சேர்க்க வேண்டும். மூன்று வயது முடிந்துவிட்டது. என் ஆட்டோவை வாசலில் நிறுத்தினேன். அதன் தலையில் முன்னும் பின்னுமாக இரண்டு குழாய் ஒலிபெருக்கி இருக்கும். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, காணாமல் போன ஆடு, காலமான பெரியவர் எல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் சாத்தூருக்குத் தெரியவரும். பேசுவது நான். ஊருக்கு நான் மைக் காளை. முழுப் பெயர் செந்தட்டிக்காளை. அதைச் சொன்னால் தபால்காரரே ஒரு நிமிடம் யோசிப்பார்.

இறங்க மாட்டேன் என்று மிட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து கெஞ்சினேன்.

"சாமி, தங்கம், அழாம உள்ள போயிரு. அப்பா சேவு வாங்கித் தாரேன். அம்மாட்ட சொல்லிறாத, அம்மா என்னத்தான் வைவா. நீ அழுதேன்னா அப்பாவும் அழுதுருவேன், பாத்துக்க."

தலைக்கு மேலே இரண்டு குழாயும் இதை எக்கோவோடு ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. எதிர்த் தையல்கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "காளண்ணே, எனக்கும் கால் கிலோ சேவு! நானும் அழுகல!"

வாசலில் ஜெசிந்தா டீச்சர் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மிட்டுவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா பேரு என்ன?"

"மிருதுளா, டீச்சர்" என்றேன்.

"பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்?"

"முறுக்கு. பூனை. மழை பெஞ்சா ஓட்டுலருந்து தண்ணி ஒழுகுறது" என்றேன்.

"நான் பாப்பாவக் கேட்டேன்."

"அவ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன, டீச்சர்."

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் குரல்வளம் அப்படி. முதல் தடவை பக்கத்தில் நின்று கேட்பவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள்.

இந்த டைரி நகைக்கடைக்காரர் புதுவருஷத்துக்குக் கொடுத்தது. ஆறு மாதம் அலமாரியில் தூங்கியது. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான் (ஆழமாகப் படித்தேன் என்று சொல்லிக்கொள்வேன்). மகள் படிக்கப் போன நாளில் நானும் எழுதத் தொடங்குகிறேன்.

ஜூன் 13, செவ்வாய்

மைக் அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் மகளிடம் பேசினேன்.

ஜூன் 20, செவ்வாய்

டீச்சர் இன்று ஒரு அட்டையைக் காட்டினார். நான் அ, ஆ, ஏபிசிடி இருக்கும் என்று நினைத்தேன். ஒரு எழுத்துகூட இல்லை. படம் போட்டுக் கட்டம் கட்டமாக இருக்கிறது. ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நிற்கிறதா. சிவப்பையும் பச்சையையும் பிரித்து வைக்கிறதா. தன் முறை வரும்வரை காத்திருக்கிறதா. கையைத் தானே கழுவுகிறதா. வேண்டியதை வாயால் கேட்கிறதா.

"இதுவா படிப்பு?" என்று கேட்டேன்.

"இதுதான் அண்ணே படிப்பு. எழுத்தெல்லாம் பிறகு தானா வரும்."

இந்தப் பள்ளிக்கூடம் அப்போதே இருந்திருந்தால் நான் முதல் ரேங்க் எடுத்திருப்பேன். கையைத் தானே கழுவுவேன். ஒற்றைக் காலில் நிற்பதில் மட்டும் கொஞ்சம் ஆட்டம். அங்கேயே நின்று பார்த்தேன். இரண்டு பிள்ளைகள் கைதட்டின.

மிட்டுவுக்கு எல்லாக் கட்டத்திலும் பென்சிலில் டிக் போட்டிருந்தது. ஒரு கட்டம் காலி. பேச்சுக் கட்டம்.

"வந்த நாள்லருந்து ஒரு வார்த்தை பேசல, மிருதுளா அப்பா. தண்ணிகூடக் கேக்கல. கையக் காட்டுறா, இல்லைன்னா பேசாம இருந்துர்றா. வீட்ல எப்படி?"

"வீட்ல நல்லாப் பேசுவா டீச்சர்" என்றேன். சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். 'தா' என்பாள். 'வேணாம்' என்பாள். 'அப்பா' என்பாள். மற்றபடி வீட்டில் பேச நேரம் எங்கே கிடைக்கிறது.

ஆகஸ்டு முதல் வாரத்தில் பெற்றோர் நாளாம். மேற்பார்வை மேடம் வருவார்களாம். அதுவரை பார்க்கலாம், பேசாவிட்டால் விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருகிறேன், காது, நாக்கு எல்லாம் பார்ப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டீச்சர். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். வரும் வழியில் ஜவுளிக்கடை அறிவிப்பில் 'பட்டு, பருத்தி' என்பதற்குப் பதில் 'பட்டு, பெரியாஸ்பத்திரி' என்று சொல்லிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

மிட்டுவின் அம்மா வேணி தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்ததும் அவளிடம் சொன்னேன். தலைமுடியெல்லாம் மருந்து வாசம். உட்கார்ந்து கேட்டாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா..." என்று ஆரம்பித்தாள்.

"டாக்டர்ட்ட இப்பவே போவோங்குற. அதான? வேணாம், ஆகஸ்டு வரைக்கும் பாப்போம்."

"அதில்ல, இன்னைக்கு ஆபீஸ்ல..."

"லீவு தர மாட்டாக. தெரியும். நானே கூட்டிட்டுப் போறேன்."

எழுந்து அரிசி களையப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் இது ஒரு வசதி. அவள் வாயைத் திறந்தாலே எனக்குப் புரிந்துவிடும்.

ஜூன் 25, ஞாயிறு

காது பரிசோதனை நடத்தினேன். மிட்டு முதுகு காட்டி விளையாடும்போது, ரொம்ப மெல்ல, "முறுக்கு" என்றேன். மின்னல் மாதிரி திரும்பினாள். காது சுத்தம். அடுத்த அறையிலிருந்து வேணியும் திரும்பினாள். அவள் காதும் சுத்தம்.

நாக்குப் பயிற்சி சாயங்காலம். தொழில்முறையிலேயே செய்தேன். "அன்பார்ந்த பொதுமக்களே! நமது மேட்டுத் தெருவில், முதன்முறையாக, செவப்பு! செவப்பு! செவப்பு! இன்றே காண்பீர்!" என்று தக்காளியைத் தூக்கிக் காட்டினேன். பிறகு பச்சை மிளகாய். மிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். முடிந்ததும் கைதட்டினாள். சொல்லு என்றால் தக்காளியைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அடுத்த அறிவிப்பு என்ன என்பதுபோல.

நல்ல ரசிகை. ஆனால் டீச்சரிடம் ரசிகைக்குக் கட்டம் இல்லை.

ஜூன் 28, புதன்

சங்கரலிங்கம் அண்ணாச்சி கடைக்கு மிட்டுவோடு போனேன். அண்ணாச்சி கல்லாவிலிருந்து குனிந்து, "பாப்பா, என்ன வேணும்? கடலை மிட்டாயா, தேன் மிட்டாயா?" என்றார்.

"தேன் மிட்டாய்" என்றேன்.

"பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு அண்ணாச்சி, அழுகிறதே இல்ல."

"ஏம்ப்பா காள, மிட்டாயத் திங்கவாவது பிள்ளைய விடுவியா, இல்ல அதையும் நீதான் திம்பியா?"

அண்ணாச்சிக்கு எப்போதும் கிண்டல். நான் ஒரு மிட்டாய்தான் தின்றேன்.

ஜூலை 4, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தையல்கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது, இனி டைரிக்குத் தெரிந்தால் என்ன.

பேக்கரி விளம்பரத்துக்குச் சின்னப்பிள்ளைக் குரல் வேண்டுமென்றால் நானே பேசுவேன். "ஐ! கேக்கு! வாங்கித் தாங்கப்பா!" என்று கீச்சுக்குரலில் நான் கேட்க, "வாங்கித் தருகிறேன் மகளே" என்று கட்டைக்குரலில் நானே பதில் சொல்வேன். ஊரில் பாதிப் பேர் அது என் மகள் என்றே நம்புகிறார்கள்.

இன்று மிட்டுவை விட்டுவிட்டுக் கிளம்பும்போது டீச்சர் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மிட்டு ஜன்னலை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தது. டீச்சர் அட்டையைக் கையில் வைத்திருந்தார். பென்சிலும் இருந்தது. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. ஜன்னலுக்குக் கீழே குத்தவைத்துவிட்டேன்.

"உன் பேரு என்னம்மா?"

"மிருதுளா" என்றேன், கீச்சுக்குரலில்.

டீச்சர் குரலில் ஆச்சரியம். "அட! காலையில என்ன சாப்பிட்டே?"

"இட்லி."

"எத்தன?"

"நாலு."

அந்த நேரத்தில் மிட்டுவின் வாய் முழுக்கச் சத்துமாவுக் கொழுக்கட்டை இருந்திருக்கிறது. எனக்கு அது கீழேயிருந்து தெரியவில்லை. ஜன்னலில் டீச்சரின் தலை தெரிந்தது.

"மிருதுளா அப்பா, நாலு இட்லி தின்னது நீங்களா, பாப்பாவா?"

டீச்சர் பக்கத்திலேயே மிட்டுவும் எட்டிப் பார்த்தாள். வாயில் மாவு. அப்பா கீழே உட்கார்ந்திருப்பதைக் கண்டு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் செருப்பைத் தேடுவதுபோல் தேடினேன். செருப்பு காலில்தான் இருந்தது.

டீச்சர் திட்டவில்லை. "வர்ற செவ்வாய் கைக்குழந்தைகளுக்கு எடை பாக்குற நாளு. நீங்க வந்து எடை மெஷினத் தூக்கி வைக்கிறீங்களா?" என்றார். தண்டனை சின்னதாக முடிந்தது என்று ஒத்துக்கொண்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

எடை மெஷினைத் தூக்கினேன், இறக்கினேன். தாய்மார்கள் வரிசையில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் ஆம்பிள்ளை நான் ஒருவன்தான். பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. எல்லோருக்கும் ஆடித் தள்ளுபடி விவரம் சொன்னேன்.

பிறகு டீச்சர் பாண்டீஸ்வரி என்ற பெண்ணின் குழந்தையை மடியில் வாங்கினார். ஆறு மாதம் இருக்கும். பெண் குழந்தை. தலை முழுக்க மொட்டை, சந்தனம்.

"கைக்குழந்தைக்கும் பாடம் உண்டு" என்று தாய்மார்களிடம் சொன்னார். "முகம் பாக்கணும். கூப்பிட்டா திரும்பணும். நாம ஒண்ணு சொன்னா அது ஒண்ணு சொல்லணும்."

குழந்தையைப் பார்த்து, "சாப்டீங்களா தங்கம்?" என்றார். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார். முகத்தை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு, சும்மா இருந்தார். குழந்தை அவர் வாயைப் பார்த்தது. காலை உதைத்தது. எனக்கோ யாராவது ஏதாவது சொல்லக் கூடாதா என்று இருந்தது. கடைசியில், "ங்ங்ஆ" என்றது குழந்தை.

"அப்படியா! அப்புறம்?" என்று கேட்டுவிட்டு டீச்சர் மறுபடியும் சும்மா இருந்தார்.

"ஆ... ங்ங்... ப்பூ!"

அங்கே ஒரு கச்சேரியே நடந்தது. தாய்மார்களெல்லாம் சிரிக்கிறார்கள்.

"நீங்க பேசுங்க" என்று டீச்சர் குழந்தையை என்னிடம் தந்தார். தொழில்காரன் நான், விடுவேனா. "வாங்க வாங்க, பட்டுக்குட்டி, எங்க வந்தீங்க, எடை போட வந்தீங்களா, ஊசியா, ஊசி வேணாமா, அழக் கூடாது, அம்மா எங்க, அந்தா அம்மா, காக்கா பாரு, காக்கா..." குழந்தை என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தது. பிறகு ஒலிபெருக்கி வண்டி போனால் ஜன்னலைச் சாத்துவார்களே, அதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

பாண்டீஸ்வரி சொன்னாள். "அண்ணே, அவ எங்க பேசுறது. நீங்க இடம் விட்டாத்தான?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சர் மட்டும் சிரிக்காமல் குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மெஷின் தூக்க ஆயாம்மாவே போதும். என்னை ஏன் கூப்பிட்டார் என்று தெரியவில்லை.

பின்குறிப்பு. தெரிகிறது.

ஜூலை 12, புதன்

இன்று முதல் மிட்டுவிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று சபதம்.

காலை: "பல்லு தேச்சியா? தேச்சிட்டே, நல்ல பிள்ள."

மதியம்: "சோறு வேணுமா? இந்தா."

சாயங்காலம் எழுதும்போதுதான் சபதம் ஞாபகம் வந்தது.

ஜூலை 14, வெள்ளி

வாயில் எதையாவது போட்டுக்கொண்டால் பேச முடியாது அல்லவா. காராச்சேவு முயற்சி செய்தேன். சேவை வாயில் வைத்துக்கொண்டும் பேச முடிகிறது. பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கிறது, அவ்வளவுதான். கால் கிலோ காலி. பேச்சு குறையவில்லை.

புளிப்பு மிட்டாய்: ஒதுக்கிக்கொண்டு பேசினேன்.

வேணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "உங்க வாய்க்குப் பூட்டுதான் போடணும். அதையும் நீங்க..."

"அறிவிப்புச் செஞ்சு விப்பேன்ங்குற. அதான?"

"ஆமா" என்றாள். பாவம், நகைச்சுவைக்குக்கூட அவளுக்கு முடிவு கிடைப்பதில்லை. இதை இன்றுதான் கவனித்தேன்.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. எனக்கு அறுவடை மாதம். நாலு ஜவுளிக்கடை, ஒரு பாத்திரக்கடை. காலையில் பதிவு செய்துகொண்டு நாள் முழுக்க ஊரைச் சுற்றினேன். என் குரல் மேலே கத்த, நான் கீழே சும்மா ஓட்டினேன். வெயிலுக்குத் தண்ணீரை வாயில் ஊற்றி, விழுங்க மறந்து, ஒரு தெரு தாண்டியும் அப்படியே வைத்திருந்தேன். அப்போதுதான் பிடிபட்டது. வாயில் தண்ணீர் இருந்தால் ஒரு எழுத்துகூட வெளியே வராது!

ஜூலை 20, வியாழன்

இன்றைய தேதியைச் சிவப்பு மையில் எழுத ஆசை. சிவப்புப் பேனா இல்லை.

மூன்று நாளாக மிட்டுவோடு நடந்து போகும்போதெல்லாம் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர். கன்னம் இரண்டும் உப்பிப் பலூன் விற்பவன்போல் போகிறேன். முதல் நாள் அவள் என் கன்னத்தைக் குத்திப் பார்த்தாள். சட்டை நனைந்தது. நேற்று, "அப்பா?" என்றாள். தலையாட்டினேன். நாயைக் காட்டினாள். புருவத்தைத் தூக்கினேன், டீச்சர் மாதிரி. "நாயி" என்றாள். மறுபடியும் தூக்கினேன். "நாயி தூங்குது." எனக்குச் சிரிப்பு வந்து தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. மூக்கு இன்னும் எரிகிறது, ஆனால் பரவாயில்லை.

இன்று அண்ணாச்சி கடை.

"வா காள! இன்னைக்கு அறிவிப்பு என்ன?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"என்னப்பா, பேச மாட்டேங்குற? நேத்து அரிசி சரியில்லன்னு கோவமா?"

இல்லை என்று கையை ஆட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. அண்ணாச்சிக்கு இளகிய மனசு. "நான் என்னப்பா செய்ய, மில்லுல வந்தது அப்படி. இத்தன வருசப் பழக்கம், இதுக்குப் போயி..." என்று இழுத்தார். தண்ணீரைத் துப்பலாம் என்றால் முன்னால் பருப்பு மூட்டை. விழுங்கலாம் என்றால், இன்றைக்கென்று ஏனோ பெரிய மடக்கு. விழுங்குவதா துப்புவதா என்று முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. கணீரென்ற குரல். யாருடையது என்று சத்தியமாகத் தெரியாமல் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பா வாய்ல தண்ணி இருக்கு. கோவம் இல்ல."

அண்ணாச்சி கல்லாவில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"யாரு, நீயா பேசுன? அப்பன் ஏன் தாயி வாய்ல தண்ணி வச்சிருக்கான்?"

மிட்டு யோசித்தாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், என்ன சொல்லப்போகிறாள் என்று.

"தெரில. அப்பா அப்பிடித்தான்."

அண்ணாச்சி தேன் மிட்டாய் டப்பாவையே அவள் முன்னால் திறந்து வைத்தார். "எது வேணும் தாயி?" அவள் நிதானமாக, டப்பா டப்பாவாகப் பார்த்தாள். எனக்குத் தெரியும் தேன் மிட்டாய்தான் என்று. அவள், "கடலை மிட்டாயி" என்றாள்.

மூன்று வருஷமாக என் மகளுக்குத் தேன் மிட்டாய்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேன் மிட்டாய் எனக்குத்தான் பிடிக்கும்.

ஜூலை 21, வெள்ளி

ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். ஆனால் அட்டையை எடுக்கவில்லை.

"கடையில நீங்க கூட இருந்தீங்க. இங்க நாலு பேரு முன்னாடி, நீங்க பேசாம, அவளாப் பேசணும். பாப்போம் அண்ணே. இன்னும் நாளு இருக்கு."

டீச்சர் முன்கூட்டியே எழுதி வைத்த விருதுநகர்ச் சீட்டு இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. என் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரிகிறது.

ஜூலை 23, ஞாயிறு

இன்று மிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் பழக்கத்தில் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன். வேணி பக்கத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவினாள்.

"ஆபீஸ்ல" என்று ஆரம்பித்தவள், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் உப்பிய கன்னத்தோடு அவளைப் பார்த்தேன்.

"ஆபீஸ்ல என்னைச் செக்கிங்குக்கு மாத்திட்டாக. ஒரு மாசமாச்சு. இனிமே பெட்டி அடைக்கிற வேலை இல்ல. நாந்தான் பாத்துச் சரின்னு சொல்லணும். நான் சரின்னு சொன்னாத்தான் கட்டு வெளிய போகும். என்னயவிட மூத்தவுக ஆறு பேரு இருக்காக, மொதலாளி என்னையத்தான் கூப்பிட்டாரு. அன்னைக்கே சொல்லணும்னு வந்தேன்." கறிவேப்பிலைக் குச்சியைக் கீழே வைத்தாள். "அவ்வளவுதான். சொல்லிட்டேன்."

தண்ணீரை விழுங்கினேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்கு! எப்போதோ ஒரு நாள் அவள் 'ஆபீஸ்ல' என்று ஆரம்பித்ததும் அரிசி களையப் போனதும் மனதில் ஓடியது.

"வேணி" என்றேன். "அப்புறம்?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அப்புறம் நிறையச் சொன்னாள். ஒட்டுச் சரியில்லாத பெட்டியைக் கையால் தடவியே கண்டுபிடித்துவிடுவாளாம். சாப்பாடு இன்று நேரம் கழித்துத்தான். கல்யாணமாகி ஆறு வருஷம், என் பெண்டாட்டி இவ்வளவு நல்ல கதைசொல்லி என்று யாரும் எனக்கு அறிவிக்கவில்லை.

ஜூலை 28, வெள்ளி

அங்கன்வாடியில் இன்னும் பேசவில்லை. ஆனால் சிரிக்கிறாளாம், சத்தமாக. கட்டம் காலிதான்.

ஆகஸ்டு 3, வியாழன்

நாளைக்குப் பெற்றோர் நாள். பாத்திரக்கடைக்கு ஆடி வெள்ளி ஸ்பெஷல் ஒலிபரப்பு கேட்டார்கள். பதிவைக் கொடுத்து வேறு வண்டியை அனுப்பிவிட்டேன். வேணி அரைநாள் லீவு கேட்டிருக்கிறாள். செக்கிங்காரி கேட்டால் மறுப்பார்களா.

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பிறகுதான் தெரிந்தது, மிட்டு சட்டைக்குப் போட மறந்துவிட்டேன்.

ஆகஸ்டு 4, வெள்ளி

தண்ணீர்ப் பாட்டிலை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மேற்பார்வை மேடம் முன்னால் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றால் எனக்கும் சேர்த்து விருதுநகருக்குச் சீட்டு எழுதிவிடுவார்கள்.

சுவர் முழுக்கக் காகிதத் தோரணம். பெற்றோர்கள் சுவரோரம் பாயில். நானும் வேணியும் கதவுப் பக்கம். மேடம் நாற்காலியில். கண்ணாடி போட்ட, சிரித்த முகம். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து ஏதாவது செய்து காட்ட வேண்டும். ஒரு பையன் ஒற்றைக் காலில் நின்று மேடம் மடியிலேயே விழுந்தான். ஒரு பிள்ளை கை கழுவிக் காட்டி, கழுவிக்கொண்டே இருந்தது, தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

மிட்டுவின் முறை. ஒரு தட்டில் பொத்தான்கள், எல்லாம் கலந்து. பிரித்து வைக்க வேண்டும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மேடம் குனிந்தார்.

"இது என்ன கலரும்மா?"

மிட்டு நிமிரவில்லை. இன்னொரு பொத்தானை எடுத்தாள்.

"சொல்லு கண்ணு, என்ன கலரு?"

மிட்டு அந்தப் பொத்தானையும் வைத்தாள். பக்கத்திலிருந்த ஒரு தாய், "செவப்புன்னு சொல்லும்மா" என்று கிசுகிசுத்தாள். பின்னாலிருந்து ஒருவர், "பச்ச, பச்ச" என்றார். எல்லோருக்கும் நல்ல மனசு, எல்லோரும் உதவி செய்கிறார்கள். நான் இரண்டு கையையும் தூக்கி அவர்களை அமர்த்தினேன். நான்! தையல்கடைக்காரர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். வேணி என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். டீச்சர் மூலையில் நின்று புருவத்தைத் தூக்கிக்கொண்டு சும்மா இருந்தார். மேடம் அட்டையைத் திருப்பினார், பேனா மூடியைக் கழற்றினார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தச் சீட்டு.

நான் சும்மா இருந்தேன். வாழ்க்கையில் இவ்வளவு பாரமான எதையும் நான் தூக்கியதில்லை.

மிட்டு தலையை நிமிர்த்தினாள்.

"இருங்க. இன்னும் முடிக்கல."

கணீரென்று. அறை முழுக்கக் கேட்டது, குழாய் வைக்காமலே. மேடம் பேனாவை அப்படியே நிறுத்தினார். "சரிங்க டீச்சரம்மா, இருக்கேன்" என்றார். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

கடைசிப் பொத்தானையும் வைத்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, விரலால் காட்டினாள். "முடிஞ்சு. இது செவப்பு. இது பச்ச. இதெல்லாம் ஒடஞ்சது, வேணாம்."

"ஒடஞ்சத யாரு தனியா எடுக்கச் சொன்னா?"

"நானாத்தான் எடுத்தேன்."

செக்கிங்! வேணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜெசிந்தா டீச்சர் அட்டையை வாங்கி, அந்தக் கட்டத்தில் டிக் போட்டார். இந்தத் தடவை பென்சிலில் இல்லை, பேனாவில்.

மேடத்துக்கு அவளை விட மனமில்லை. கன்னத்தைப் பிடித்து, நம் பக்கத்தில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"நீ யாரு பிள்ளைடீ?"

மிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். எங்கள் இருவர் மேலும் கண் வந்து நின்றது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். ஊரறிந்த குரல்காரன், ஆட்டோவில் பெயர் எழுதி வைத்திருப்பவன், இரண்டரை வாரம் இவளுக்காகத் தண்ணீரில் வாழ்ந்தவன்.

"வேணி பிள்ள" என்றாள்.

அறையே சிரித்தது. வேணி வெட்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், மைக் காளை இப்போது ஏதாவது சொல்லுவான் என்று. ஒரு வரி தயாராகத்தான் இருந்தது, நாக்கு நுனியில், எக்கோவோடு. அவள் பதில் சொல்லி முடித்துவிட்டாள், அதன்மேல் நான் எதற்கு. சிரித்துக்கொண்டே நின்றேன். அந்த வரியை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

எனக்கும் பிள்ளைதான், மேடம்.